ஏற்றத்தில் நாலு பெட்டி

மூன்றாவது பெட்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டு ரெகுலேட்டரைத் திருகினேன். அடிவாரம் வரை என்ஜின் ஒழுங்காக வந்தது. ஏற்றத்தில் ஒரு முழம் போனதும் நின்றுவிட்டது. நின்றது வண்டிதான், சக்கரங்கள் அல்ல. அவை இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "வழுக்குதுல்லா? ஸ்டீமைக் குறைட்டி. மண்ணு போடு."

ஸ்டீமுக்கு எங்கே போவது? அது 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும், ஒரு சாண் நீளமே உள்ள பொம்மை என்ஜின். ஆனால் சக்கரம் வழுக்குகிறது என்பதைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எண்பத்தெட்டு வயதில் காது அவருக்கு அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நன்றாகக் கேட்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது.

அப்பா 1960களில் செங்கோட்டையில் ஃபயர்மேனாக இருந்தவர். பிறகு டிரைவரானார். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இறங்கும் அந்த மீட்டர்கேஜ் பாதை 1904ல் திறக்கப்பட்டது. 1918ல் திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தபோது, இந்த ஊருக்கும் வெளியுலகத்துக்கும் இருந்த ஒரே ரயில் தொடர்பு அந்த மலையேற்றம்தான். புனலூரைத் தாண்டி, தென்மலை, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், ஆரியங்காவு, அப்புறம் அந்த நீண்ட குகை, பகவதிபுரம் என்று அப்பா நிலையங்களை மனப்பாடமாகச் சொல்லுவார். மீட்டர்கேஜ் வண்டிகள் 2010ல் நின்றன. 2018ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அந்த வண்டியில் அப்பா ஒருமுறைதான் போனார். "நல்லா ஏறுது" என்பதோடு நிறுத்திக்கொண்டார். குரலில் சந்தோஷம் இல்லை.

சென்ற தை மாதம் செங்கோட்டை வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும் கரமனையில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கால் தேறிவிடும், ஆனால் தினம் நாலு தடவையாவது நிமிர்ந்து உட்கார வேண்டும், பிறகு நிற்கப் பழக வேண்டும் என்றார்கள். அவர் உட்கார மறுத்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே மாசி முழுவதும் போனது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

பரணில் வேறு எதையோ தேடும்போதுதான் அந்த அட்டைப்பெட்டி கிடைத்தது. ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் தன் மகனுக்கு வாங்கியது. அந்தப் பையனுக்கு மீசை முளைத்ததும் இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான். ஹெச்.ஓ. என்று சொல்லுகிற அளவு. நிஜ ரயிலில் 87ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். துடைத்துப் பார்க்கலாமே என்று சாப்பாட்டு மேஜையில் வட்டமாக மாட்டி ஓட்டினேன். கட்டிலில் தலை திரும்பியது.

"சமதளத்துல எந்தக் கழுதையும் இழுக்கும். ஏத்தத்துல விட்டுப் பாரு" என்றார்.

இதே மாதிரி ஒரு பதிலை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார். வேளியில் 2020ல் சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும் குட்டி ரயில் தொடங்கினார்களே, இரண்டரை கிலோமீட்டர் பாதை, மூன்று பெட்டி, பழைய நீராவி என்ஜின் மாதிரி முகம். அதில் பிறகு ஒருநாள் அழைத்துப்போனேன். ஏரியையும் கடலையும் பார்க்காமல் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழகாத்தான் இருக்கு. கடக்கரையில ஓடுத வண்டிக்கு டிரைவர் எதுக்கு?" என்றார்.

நான் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பெளதிகம் நடத்தியவள். சாய்தளம் என்ற பாடத்தை எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. மரக்கட்டை, கப்பி, நூல், எடைக்கல். பையன்கள் கொட்டாவி விடுவார்கள். என்ஜினை ஏற்றத்தில் விடுவது எனக்கு என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

முதல் தகராறு இடம். முன்னறையில் அப்பாவின் கட்டில் போக மிஞ்சியது ஆறடிக்கு நாலடி. அதில் ஒரு ப்ளைவுட் பலகை போட்டேன். ரயில் தன் மேலேயே பாலம் கட்டித் தாண்டிப் போக வேண்டுமென்றால் எட்டு வடிவத்தில் பாதை போட வேண்டும். வளைவின் ஆரம் 36 சென்டிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 31 மீட்டர். நிஜ மெயில் வண்டி அந்த வளைவில் திரும்பவே முடியாது. கீழே போகும் வண்டி இடிக்காமல் இருக்கப் பாலம் 7 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஏறுவதற்குக் கிடைத்த நீளம் 180 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு சதவீதம், ரயில்வே பாஷையில் இருபத்தைந்துக்கு ஒன்று.

அப்பா சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார். "இருபத்தஞ்சுக்கு ஒண்ணா? எவன் போட்ட லைன் இது?"

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. ஊட்டி ரயிலில் அதிகபட்ச ஏற்றம் 12.28க்கு ஒன்று. ஆனால் அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வரிசை பதித்திருக்கிறது, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். 1899ல் குன்னூர் வரை ரயில் போனது அந்தப் பல்லின் தயவில். வெறும் வழவழப்பான சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் இருபத்தைந்துக்கு ஒன்று ஏறுவது வேறு சங்கதி.

ஆகவே, பரிசோதனை. ஆறடிப் பலகையில் நேர்ப்பாதை போட்டு, ஒரு முனைக்கு அடியில் பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி உயரத்தைக் கூட்டினேன். அப்பாவிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். படுத்துக்கொண்டு எழுத வரவில்லை. தலையணையை முதுகுக்கு வைக்கச் சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் வைத்தேன்.

சமதளத்தில் அந்த என்ஜின் 10 பெட்டிகளை இழுத்தது. (செட்டில் ஆறுதான் இருந்தன. மிச்ச நாலுக்குச் சமமாகப் பெட்டிகளில் துவரம் பருப்பு மூட்டை வைத்தோம்.) இரண்டு சதவீதத்தில் 4 பெட்டி. மூன்றில் 3. நாலு சதவீதத்தில் 2. இதை அப்பா தேதி போட்டு, நேரம் போட்டு, லாக் புத்தகம் மாதிரியே எழுதினார். கை நடுங்கியதால் 4 என்பது 9 மாதிரி இருக்கும்.

பத்து எப்படி இரண்டாகக் குறைகிறது? ஏற்றம் ஒன்றும் சுவர் மாதிரி இல்லை, கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூட இல்லை. சமையலறைத் தராசில் என்ஜினை நிறுத்தேன்: 300 கிராம். பெட்டி ஒவ்வொன்றும் 120. எட்டுச் சக்கரங்களில் நாலுக்குத்தான் மோட்டார், அதாவது பாதி எடைதான் இழுவைக்கு உதவும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுருள்வில் தராசை இரவல் வாங்கி, என்ஜினின் கொக்கியில் நூல் கட்டிப் பார்த்தேன். 30 கிராம் வரை இழுத்தது, அதற்கு மேல் சக்கரம் வழுக்கியது. தன் உருளலுக்குப் போகும் சுமார் 3 கிராமையும் சேர்த்தால் சக்கரத்தின் மொத்தப் பிடி 33. உலோகத்தின் மேல் உலோகம் கொடுக்கும் பிடி அவ்வளவுதான், மேலே நிற்கிற எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்.

சமதளத்தில் ஒரு பெட்டியை உருட்ட 3 கிராம் இழுவை போதும். நாலு சதவீத ஏற்றத்திலோ, பெட்டியின் எடையில் நாலு சதவீதம் கூடவே பின்னுக்கு இழுக்கிறது. 3 என்பது 8 ஆகிவிடுகிறது. அதைவிட மோசம், என்ஜின் தன்னையே தூக்கிக்கொண்டு போக 12 கிராம் செலவழிக்கிறது. சம்பளத்தில் பாதி வீட்டு வாடகைக்கே போவது மாதிரி. மிச்சம் இருக்கும் 18 கிராமில் இரண்டு பெட்டிதான் கட்டுப்படியாகும்.

கணக்கைச் சொன்னபோது அப்பா, "இதைத்தான் லோடு சார்ட்டுன்னு ஒட்டியிருப்பான்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் நான் நடத்திய சாய்தளத்தின் மேல் ஒரு ரயில் கூட ஓடியதில்லை.

பாதையை எட்டு வடிவத்தில் போட்ட பிறகு நிலைமை இன்னும் மோசமானது. ஏற்றம் முழுவதும் வளைவில்தான் வருகிறது, வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசும். இரண்டு பெட்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. அடிவாரத்தில் சமதளம் சட்டென்று ஏற்றமாக மாறும் முனையில் ஒருமுறை கொக்கி கழன்று, பின் பெட்டி தானாகவே இறங்கி வேகமெடுத்து, வளைவில் பறந்து அப்பாவின் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. பிறகு அந்த முனையை ஒரு முழ நீளத்துக்கு மெல்ல மெல்ல உயரும்படி இழைத்தேன்.

அப்புறம் இந்த ஊரின் கைங்கரியம். ஒருநாள் இரண்டு பெட்டியும் ஏறவில்லை, ஒன்றுதான் ஏறியது. காலையில் அப்பாவின் காலுக்குத் தைலம் தேய்க்கும் ஹோம் நர்ஸ் சேச்சி, அதே கையோடு தண்டவாளத்தைத் துடைத்து வைத்திருந்தாள். உதவி செய்கிற நல்லெண்ணம். ஸ்பிரிட்டால் துடைத்ததும் பழையபடி இரண்டு. இடவப்பாதி மழை தொடங்கியதும் ப்ளைவுட் ஈரத்தை உறிஞ்சி நடுவில் தொங்கிப்போனது. அளந்து பார்த்தால் நாலு சதவீதம் ஓரிடத்தில் ஐந்து. மழைக்காலத்தில் மலை உயரமாகிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். தாங்குகட்டைகளை ஒரு அடிக்கு ஒன்று என்பதை அரை அடிக்கு ஒன்றாக மாற்றினேன்.

மண் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். நிஜ என்ஜினில் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் பெட்டி உண்டு. ஈரத் தண்டவாளத்தில் அதுதான் கைகொடுக்கும். ஒரு மழை இரவில் மணல் குழாய் அடைத்துக்கொண்டதும், அப்பா விளக்கைப் பிடித்தபடி என்ஜினுக்கு முன்னால் நடந்து, இரண்டு தண்டவாளத்திலும் கையால் மணல் தூவிக்கொண்டே போனதும் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. பொம்மை என்ஜினுக்கு மண் ஆகாது, பல்சக்கரத்துக்குள் போய்விடும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். ஒரு மத்தியானம் நான் வெளியே போய்விட்டு வந்தால், என்ஜின் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. பூந்தொட்டி மணல். சேச்சியை முறைத்தேன். "அப்பூப்பன் பறஞ்ஞு, ஞான் இட்டு" என்றாள் சாதாரணமாக. அப்பா கண்ணை மூடித் தூங்குவதாகப் பாவனை செய்தார். ஒரு வாரம் என்ஜினைப் பிரித்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகச் சுத்தம் செய்தேன்.

சக்கரம் வழுக்கும் என்ற பயம் ரயிலின் வயதே ஆனது. 1812ல் இங்கிலாந்தின் மிடில்டனில் ஜான் பிளென்கின்சாப் என்பவர் பல் வைத்த தண்டவாளத்தில்தான் என்ஜின் ஓட்டினார். அந்தக் கால லேசான என்ஜினின் வெறும் சக்கரம், இரும்பின் மேல் அத்தனை பளுவை இழுக்காது என்ற சந்தேகம். அடுத்து வில்லியம் ஹெட்லி வைலம் சுரங்கத்தில், ஆட்களே கையால் சுற்றும் ஒரு வண்டியில் பளுவை ஏற்றி, பின்னால் நிலக்கரி வண்டிகளைக் கட்டி, எத்தனை வண்டி வரை வழுக்காமல் இழுக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். வெறும் சக்கரம் போதும் என்று தெரிந்தது. துவரம் பருப்பு மூட்டைகளோடு நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், இருநூறு வருஷம் தாமதமாக.

ஹெட்லி மாதிரி நானும் பளு ஏற்றினேன். சாலை பஜாரில் மீன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, 100 கிராம் அளவுக்கு மோட்டார் சக்கரங்களுக்கு மேலே ஒட்டினேன். நாலு பெட்டி ஏறியது! இரண்டாவது சுற்றில் தகரம் காய்கிற மாதிரி ஒரு வாடை. என்ஜினைத் தொட்டால் சுட்டது. முன்பெல்லாம் பளு மிஞ்சினால் சக்கரம் வழுக்கும், மோட்டார் தப்பிக்கும். இப்போது வழுக்க வழியில்லாததால் மோட்டார் எரியப் பார்க்கிறது. ஈயத்தில் 30 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிடுங்கினேன்.

"நாலு பெட்டிதான் வேணும்னா பேங்கர் போடணும்ட்டி" என்றார் அப்பா. "ஒத்த என்ஜின்ல காட்டு ஏறுனவன் யாரு?"

காட் செக்ஷனைத்தான் 'காட்டு' என்கிறார். பேங்கர் என்றால் வண்டியின் வாலில் நின்று முட்டுக் கொடுக்கும் இரண்டாவது என்ஜின். ஊட்டி ரயிலிலும் ஏற்றத்தில் என்ஜின் பின்னால்தான் இருக்கிறது. கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாது.

இங்கே ஒரு பழைய பாக்கி இருக்கிறது. எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. ஒரு சனிக்கிழமை அப்பா அவனை பேங்கர் என்ஜினில் ஏற்றி ஆரியங்காவு வரை அழைத்துப்போனார். கரி அப்பிய முகத்தோடு திரும்பி வந்து ஒரு மாதம் அதையே பேசிக்கொண்டிருந்தான். நானும் வருகிறேன் என்றதற்கு, "பொட்டப்புள்ளைக்கு என்ஜின்ல என்ன வேலை?" என்றார். விதிப்படி இரண்டு பேரையுமே ஏற்றக்கூடாது. ஒருவனுக்காக வளைந்த விதி எனக்கு வளையவில்லை. பெளதிகம் எடுத்துப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. இதை அப்பாவிடம் நான் என்றைக்கும் கேட்டதில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றும் தெரியாது.

இரண்டாவது என்ஜினுக்கு அண்ணனிடம் சொன்னேன். அதே மாதிரி பழைய ஒன்றை வாங்கி அனுப்பினான். முதல் நாள் பின்னால் வைத்து ஓட்டியதும் வளைவில் மூன்றாவது பெட்டி வில்லாக வளைந்து வெளியே துள்ளியது. ஒரே மாதிரி என்ஜின்தான், ஆனால் பின்னது கொஞ்சம் வேகக்காரன். முன்னது இழுப்பதற்குள் பின்னது முட்டித் தள்ளிவிடுகிறது. அப்பா இப்போது கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து பலகை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார்.

"பின்னால இருக்கவன் தள்ளப்படாது. முதுகுல கை வச்சிருக்கணும், அவ்வளவுதான். முன்னால இருக்கவன் தளர்ந்தா அந்தக் கைக்குத் தெரியும்."

கிழக்கேகோட்டையில் சில்லறைக் காசுக்கு இரண்டு டயோடு வாங்கினேன். எதிரெதிர்த் திசையில் சேர்த்துக் கட்டி, பின் என்ஜினின் மோட்டாருக்குப் போகும் கம்பியில் பற்றவைத்தால் அதற்கு மட்டும் 0.7 வோல்ட் குறையும். அந்தக் குறைச்சலில் பின்னது ஒரு எட்டு மெதுவாகிவிடும். முன்னது ஏற்றத்தில் தளர்ந்து பின்னதின் வேகத்துக்கு இறங்கி வரும்போதுதான் முட்டு கிடைக்கும். லேசான பெட்டி இரண்டை முன்பக்கமும் பருப்பு மூட்டை வைத்த இரண்டைப் பின்பக்கமும் மாற்றினேன். பின் என்ஜினைக் கொக்கியில் மாட்டவில்லை. உச்சியில் அது கழன்று நின்றுவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பலகையின் தலைமாட்டில் நின்றார். கால் நடுங்கியது. சேச்சி பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றாள், பிடிக்கவில்லை. ரெகுலேட்டரை அவர் கையில் கொடுத்தேன்.

"முன்னால நான். நீ பேங்கர்" என்றார். "முன் என்ஜின் விசில் குடுத்தா, பின் என்ஜின் பதில் குடுக்கணும். குடுக்காம வண்டி எடுக்க மாட்டேன்."

உதட்டைக் குவித்து விசிலடித்தார். பல்செட் இல்லாததால் காற்றுதான் அதிகம் வந்தது. அறுபத்திரண்டு வயதில், பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, நான் பதில் விசில் கொடுத்தேன்.

நாலு பெட்டியும் ஏறின. உச்சியில் பின் என்ஜினுக்குக் கீழே இருந்த தண்டவாளத் துண்டுக்கு மின்சாரத்தை நிறுத்தினேன். அது பின்தங்கி நின்றது, வண்டி பாலத்தைத் தாண்டிப் போனது. அப்பா உட்காரவில்லை. இன்னொரு தடவை என்றார். மூன்று சுற்று ஓட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே டிரைவர் என்ற இடத்தில் தன் பெயரையும், பேங்கர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினார்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து மழை. பலகை ஈரத்தில் உப்பியிருந்தது. மூன்று பெட்டிதான் ஏறியது, நாலாவதை மாட்டியதும் இரண்டு என்ஜினும் வழுக்கின. அப்பா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார், பிறகு பூந்தொட்டியைப் பார்த்தார்.

"கூடாது" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.